சோழவந்தான் வீட்டுத் தோட்டச் சுவர்: பெயிண்ட் உரிகிறது, பாசி ஏறுகிறது, எங்கிருந்து தொடங்குவது?

கொடிக்கால் வீடு | 14 டிசம்பர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு சோழவந்தானில் இருக்கிறது. அம்மாவைப் பெற்ற தாத்தா கட்டியது. வீட்டுக்குப் பின்னால் கிணறு, துவைக்கிற கல், அப்புறம் தென்னையும் வாழையும் கறிவேப்பிலையும் நிற்கிற தோட்டம். தோட்டத்தின் தெற்கு எல்லையில் ஒரு செங்கல் சுவர். 62 அடி நீளம், ஆறடி உயரம், 9 அங்குல கனம். நாட்டுச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. மேல்பூச்சு கிடையாது, செங்கல் மேலேயே நேராக அடித்து வந்திருக்கிறார்கள்.

அம்மா சிறுமியாக இருந்தபோது பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்து, அடியில் காவி தீட்டுவார்களாம். பிறகு யாரோ பச்சை எனாமல் அடித்துவிட்டார்கள். நான்கு வருடத்துக்கு முன்பு, நான் வெளியூரில் இருந்தபோது, போனிலேயே பேசி ஒரு பெயிண்டரிடம் வேலையைக் கொடுத்தேன். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட். முதல் வருடம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த ஐப்பசி மழை முடிந்ததும் கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. இப்போது கை பட்டால் அப்பளம் போலக் கழன்று வருகிறது. கழன்ற இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு. கீழ் நான்கு வரிசைச் செங்கல் விரலால் தேய்த்தாலே மாவாக உதிர்கிறது. கிணற்றுப் பக்கம் முழங்கால் உயரத்துக்குப் பாசி. சுவரின் தலை கன்னங்கரேலென்று இருக்கிறது. ஓரிடத்தில் அரசங்கன்று ஒன்று முளைத்து இரண்டடி வளர்ந்துவிட்டது.

வந்து பார்த்த ஒருவர், கிரைண்டர் போட்டு எல்லாவற்றையும் எடுத்து, ஆசிட் ஊற்றிக் கழுவி, சிமெண்ட் பூசி, தண்ணீர் இறங்காத பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் இடித்துவிட்டு ஹாலோ பிளாக் வைக்கச் சொல்கிறார். இடிக்க எனக்கு மனம் வரவில்லை. தாத்தா வெயிலில் நின்று கட்ட வைத்த சுவர் அது. என்ன செய்யலாம்?

வைகை வடகரை | 14 டிசம்பர்

சகோதரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். செல்லூரில் எங்கள் காம்பவுண்டு சுவரும் இப்படித்தான் இருந்தது. சிமெண்ட் பூசி, வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்து மூன்று வருடம் ஆகிறது. இதுவரை பிரச்சினை இல்லை. முதலாவதாக வந்தவர் சொல்வது நடைமுறைக்கு ஏற்றது. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் இன்று கிடைப்பது கஷ்டம்.

கரணை | 15 டிசம்பர்

தாயி, நான் மேலூர்ப் பக்கம். கொத்து வேலையில் 40 வருடம். இப்போது கண் சரியில்லாததால் வேலைக்குப் போவதில்லை. நீங்கள் எழுதியதைப் பேரன் வாசித்துக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன்தான் தட்டச்சு செய்கிறான்.

முதலில் வேண்டாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். கிரைண்டர் வேண்டாம். நாட்டுச் செங்கல் காளவாசலில் வேகும்போது வெளிப்பக்கம் ஒரு தோல் கட்டும். அந்தத் தோல்தான் மழையைத் தாங்குவது. உள்ளே இருப்பது மெத்து. கிரைண்டர் தோலை எடுத்துவிட்டால் செங்கல் பஞ்சு மாதிரித் தண்ணீர் குடிக்கும். அழுத்தமாகப் பீய்ச்சுகிற தண்ணீர் மிஷினும் வேண்டாம், அது செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இருக்கிற சுண்ணாம்புச் சந்தைத் தோண்டிவிடும். ஆசிட் வேண்டவே வேண்டாம். ஆசிட்டுக்குச் சுண்ணாம்பு கரைந்துபோகும். கரைந்ததில் உண்டாகிற உப்பு சுவருக்குள்ளேயே தங்கி, காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

அடுத்தது, பெயிண்ட் உரிகிறது என்று பெயிண்ட்டைப் பார்க்காதீர்கள். தண்ணீரைப் பாருங்கள். செங்கல் சுவருக்குத் தண்ணீர் ஏறும், இறங்கும். அது சுவரின் குணம், குறை இல்லை. சுண்ணாம்பு அடித்த காலத்தில் ஏறிய ஈரம் அந்த வெள்ளை வழியாகவே வெளியே போய்விடும். எனாமலும் எமல்ஷனும் தோல் மாதிரி மூடிக்கொள்கின்றன. ஈரம் வெளியே வர வழியில்லாமல் பெயிண்ட்டுக்குப் பின்னால் நிற்கும். அதனுடன் வந்த உப்பு அங்கேயே படிகமாகி, பெயிண்ட்டையும் தள்ளும், செங்கல்லின் முகத்தையும் உடைக்கும். கீழ் வரிசை மாவாக உதிர்வது அதனால்தான்.

எனக்கு நான்கு விஷயம் தெரிய வேண்டும். சுவரடியில் மண் எவ்வளவு உயரம் இருக்கிறது? துவைக்கிற தண்ணீர் எங்கே போகிறது? சுவரின் தலையில் பூச்சு வெடித்திருக்கிறதா? சுவரை ஒட்டி என்ன செடி இருக்கிறது? பார்த்துச் சொல்லுங்கள், பிறகு பேசுவோம்.

கொடிக்கால் வீடு | 17 டிசம்பர்

ஐயா, மிக்க நன்றி. நேற்று அம்மாவும் நானும் மண்வெட்டியோடு போய்ப் பார்த்தோம். நீங்கள் கேட்ட நான்கிலும் தவறு இருக்கிறது.

சுவரடியில் இலைச் சருகும் உடைந்த ஓடும் மண்ணுமாக ஒன்றரை அடிக்கு மேல் மேடு கட்டியிருக்கிறது. தோண்டியபோது உள்ளே செங்கல் சொதசொதவென்று இருந்தது. துவைக்கிற தண்ணீர் போக முன்பு ஒரு வாய்க்கால் இருந்ததாம். அது தூர்ந்துபோய், தண்ணீர் நேராகச் சுவரில்தான் முட்டுகிறது. சுவரின் தலை மூன்று இடத்தில் வெடித்திருக்கிறது. வாழைக் கட்டை இரண்டு சுவரை உரசிக்கொண்டு நிற்கிறது, அதற்குத் தினமும் தண்ணீர் விடுகிறோம்.

பாசிப்பச்சை | 17 டிசம்பர்

நான் திருப்பரங்குன்றத்தில் தாவரவியல் ஆசிரியை. பாசி பற்றி மட்டும் சொல்கிறேன், சுவரைப் பற்றி ஐயா சொல்வார்.

உங்கள் சுவரில் இரண்டு விதமான உயிர்கள் இருக்கின்றன. கீழே மெத்தை போல இருப்பது பாசிச்செடி. அதற்கு உண்மையான வேர் கிடையாது, மெல்லிய இழைகளால் பிடித்துக்கொண்டு நிற்கிறது. செங்கல்லைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகாது. ஈரமும் நிழலும் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். சுவரின் தோட்டத்துப் பக்கம் வடக்கைப் பார்ப்பதால் அங்கே வெயில் குறைவு. உச்சியில் கறுப்பாக இருப்பது வேறு. அது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சையும். வெயிலில் காய்ந்து கருகினாற்போல் கிடக்கும், மழை பெய்தால் மறுபடி உயிர் பெறும்.

எடுக்கும் முறை எளிது. ஒரு வாரம் ஈரம் படாமல் காயவிட்டு, மரக்கரண்டியாலோ மூங்கில் பட்டையாலோ வழித்தால் மெத்தையாகப் பெயர்ந்து வரும். மிச்சத்துக்குக் கொதிக்கிற தண்ணீரும் நைலான் பிரஷும் போதும். கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துணுக்குகள் சந்தில் மாட்டித் துருப்பிடித்துக் கறை விடும். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவது நம் ஊர் வழக்கம். அது பாசியைக் கொல்லும், ஆனால் குளோரைடு உப்பைச் சுவருக்குள் விட்டுச் செல்லும். ஏற்கெனவே உப்பால் நோகிற சுவர் இது. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும், மூச்சடைத்துவிடும். பாசிக்கென்று பென்சால்கோனியம் குளோரைடு சேர்ந்த மருந்துகள் கிடைக்கின்றன. ஆனால் கிணறு பக்கத்திலேயே இருப்பதால் அதுவும் உங்களுக்கு வேண்டாம், நீரில் வாழும் உயிர்களுக்கு அது விஷம்.

இன்னொன்று. நீங்கள் துவைப்பதற்குச் சோப்புத்தூள் பயன்படுத்துகிறீர்கள் அல்லவா? அதில் நிரப்பியாகச் சோடியம் சல்ஃபேட் சேர்ப்பது சாதாரணம். செங்கல்லை உடைக்கிற உப்புகளில் மிக மோசமானது அதுதான். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும்போது ஒவ்வொரு முறையும் படிகமாகிப் பருத்து செங்கல்லை உள்ளிருந்து நெரிக்கும். துவைக்கிற தண்ணீரைத் திருப்பிவிடுவதே உங்கள் சுவருக்கு முதல் மருந்து.

கொடிக்கால் வீடு | 17 டிசம்பர்

டீச்சர், இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அந்தக் காலத்தில் துவைத்த தண்ணீர் வாழைக்குப் போகும், சுவருக்குப் போகாது, வாய்க்காலை உன் தாத்தா வருடம் ஒரு தடவை தூர் எடுப்பார் என்றார்கள். நாங்கள்தான் விட்டுவிட்டோம்.

வண்ணக்கடை | 18 டிசம்பர்

பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். எமல்ஷன் விற்கிறவன்தான், இருந்தாலும் இந்தச் சுவருக்கு எமல்ஷன் வேண்டாம் என்றே சொல்வேன். ஐயா சொன்ன காரணம் சரி.

நான் எழுத வந்தது அந்தப் பச்சை எனாமலைப் பற்றி. பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்ததை ஈயம் உள்ளதாகவே எண்ணி நடந்துகொள்ளுங்கள். காய்ந்த சுவரில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, தூசி நெஞ்சுக்குள் போகும். நெருப்பு வைத்துப் பொசுக்கவும் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, தகட்டால் சுரண்டுங்கள். கீழே தார்ப்பாய் விரித்து, செதில் ஒன்றுவிடாமல் சேர்த்து, மூட்டை கட்டி வெளியேற்றுங்கள். கீரைப் பாத்தியில் ஒரு துணுக்கு விழக் கூடாது. துணி மூடி போதாது, என்95 முகக்கவசம் போடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த நாட்களில் தோட்டத்துப் பக்கமே விடாதீர்கள்.

கொடிக்கால் வீடு | 18 டிசம்பர்

அண்ணன் மகன் நான்கு வயது. பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். இதை யாரும் எங்களுக்குச் சொன்னதே இல்லை. நன்றி அண்ணே.

வைகை வடகரை | 19 டிசம்பர்

கரணை அண்ணே, கேட்கிறேன் என்று தவறாக நினைக்க வேண்டாம். சிமெண்ட் அவ்வளவு கெடுதல் என்றால் எங்கள் சுவர் மூன்று வருடம் எப்படி நிற்கிறது? எல்லோரும் சிமெண்ட் தானே பூசுகிறார்கள்?

கரணை | 20 டிசம்பர்

தம்பி, கேட்க வேண்டிய கேள்விதான். சிமெண்ட் கெட்ட சாமான் இல்லை. நானே ஆயிரம் மூட்டை குழைத்திருப்பேன். சேம்பர் செங்கல் சுவருக்கு, கான்கிரீட்டுக்கு அது சரியான துணை. உங்கள் சுவர் எந்தச் செங்கல், எந்தச் சாந்து என்று தெரியாமல் நான் குறை சொல்ல மாட்டேன்.

பழைய சுவரில் என்ன நடக்கிறதென்றால், செங்கல்லும் சுண்ணாம்பும் மெத்தென்றிருக்கும், சிமெண்ட் இறுகிவிடும். வெயிலில் சுவர் விரியும்போது சுண்ணாம்புச் சந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், சிமெண்ட் கொடுக்காது. ஈரம் சந்து வழியாக வெளியே போக முடியாததால் செங்கல் வழியாகப் போகும். அப்போது உப்பு செங்கல்லில் படிகமாகும். சில வருடம் கழித்துப் பார்த்தால் சிமெண்ட் சந்து எலும்புக்கூடு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், நடுவில் செங்கல் குழிந்து போயிருக்கும். திருமங்கலம் பக்கம் பழைய வீடுகளில் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சந்து தேய வேண்டும், செங்கல் நிற்க வேண்டும். சந்தை மறுபடி பூசிக்கொள்ளலாம், செங்கல்லுக்கு எங்கே போவது?

மகாலைப் பாருங்கள். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியது. அந்த வளைவும் குவிமாடமும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான்.

தம்பி, ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சுவரை விரல் முட்டியால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பூச்சு பிடித்திருக்கிறது. டொப்பென்று கேட்டால் உள்ளே விட்டுவிட்டது.

வைகை வடகரை | 21 டிசம்பர்

தட்டிப் பார்த்தேன் அண்ணே. மேலே நன்றாக இருக்கிறது. கீழே இரண்டடி உயரத்துக்கு நிறைய இடத்தில் டொப்பென்றுதான் கேட்கிறது. பழைய செங்கல் சுவர்தான் அதுவும், அப்பா காலத்துக்கு முந்தையது. நான் முதலில் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இந்த இழையை முழுக்கப் படிக்கப் போகிறேன்.

டி. கல்லுப்பட்டி வாசி | 21 டிசம்பர்

எங்கள் சுவர் ஹாலோ பிளாக், சிமெண்ட் பூச்சு. அதிலும் பாசி பிடிக்கிறது. நாங்களும் சுண்ணாம்புக்கு மாற வேண்டுமா?

கரணை | 21 டிசம்பர்

வேண்டியதில்லை. பாசியைத் துலக்கி, தண்ணீர் தேங்காமல் செய்து, சிமெண்ட் பெயிண்ட் அடியுங்கள், போதும். நான் சொல்வது சுண்ணாம்பில் கட்டிய பழைய சுவருக்கு மட்டும்.

கொடிக்கால் வீடு | 22 ஜனவரி

ஒரு மாதம் எழுதவில்லை, வேலையில் இருந்தோம். நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் வாரம் மண்ணை மட்டும் எடுத்தோம். சுவர் நீளம் முழுக்க, இரண்டடி அகலத்துக்கு, அடிச்செங்கல் தெரிகிறவரை. எடுத்த மண் தென்னைக்குப் போனது. சுவருக்கு எதிர்ப்பக்கம் சரிவு வருகிற மாதிரி மட்டம் செய்து, ஜல்லி பரப்பினோம். வாழைக் கட்டைகளைப் பெயர்த்து ஆறடி தள்ளி வைத்தோம். வாய்க்காலைத் தூர் எடுத்தபோது பழைய கல் பாவிய தளம் அப்படியே கிடைத்தது. இப்போது துவைக்கிற தண்ணீர் சுவரைத் தொடாமல் போகிறது. ஐயா, இதைச் செய்து பதினைந்தே நாளில் மேல் பாதிச் சுவரின் நிறம் மாறிவிட்டது. இருண்டிருந்தது வெளிறிவிட்டது. கீழே இன்னும் ஈரம்தான்.

அப்புறம் பெயிண்ட். எமல்ஷனும் பட்டியும் தகடு வைத்ததும் பாளம் பாளமாக வந்தன. அதன் கீழே பச்சை எனாமல். வண்ணக்கடை அண்ணன் சொன்னபடி நனைத்து நனைத்துச் சுரண்டினோம். எட்டு மூட்டை செதில். அதற்கும் கீழே இளநீலம். அம்மா பார்த்ததும் "நீலம் போட்ட சுண்ணாம்பு, எங்கள் அப்பா அடித்தது" என்றார்கள். நீலத்துக்குக் கீழே வெள்ளை, அதற்குக் கீழே மறுபடி வெள்ளை, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக. எத்தனை பொங்கல் என்று எண்ண முடியவில்லை. அடியில் ஒரு சாண் அகலத்துக்குக் காவி. அம்மா வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். கிணற்றுக்கு எதிரே ஒரு கை அகலம் மட்டும் எதையும் சுரண்டாமல், எல்லா அடுக்கும் தெரிகிற மாதிரி விட்டுவைத்திருக்கிறேன்.

கேள்வி: எனாமல் சில இடங்களில் செங்கல்லோடு ஒட்டிக்கொண்டு வரவே மறுக்கிறது. மருந்து ஏதாவது போடலாமா? உப்பையும் கழுவிவிடலாமா?

வண்ணக்கடை | 22 ஜனவரி

காஸ்டிக் சேர்ந்த பெயிண்ட் ரிமூவர் போட்டால் அது இன்னொரு உப்பாக உள்ளே இறங்கும். மற்ற வகைகளின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. விடாப்பிடியாக இருக்கிற திட்டை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாமல் முதல் வருடம் உதிரும். பரவாயில்லை, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே தளரும், அப்போது எடுத்துக்கொள்ளலாம். அதற்காகச் செங்கல்லின் தோலைக் கொடுத்துவிடாதீர்கள்.

பாசிப்பச்சை | 22 ஜனவரி

உப்பைக் கழுவக் கூடாது. தண்ணீர் பட்டால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். காய்ந்திருக்கும்போது மெல்லிய பிரஷால் தட்டி, கீழே தாள் விரித்து அள்ளி எறியுங்கள். வாரம் ஒரு முறை. மிகவும் பூக்கிற இடத்தில் உப்பில்லாத களிமண்ணைக் குழைத்து ஒரு விரல் கனத்துக்கு அப்பி, காய்ந்து வெடித்து விழும்வரை விடுங்கள். ஈரம் காயும்போது உப்பையும் களிமண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும். விழுந்த மண்ணைத் தோட்டத்தில் போட வேண்டாம்.

கரணை | 24 ஜனவரி

தாயி, நீங்கள் செய்தது பாதி வேலை இல்லை, முக்கால் வேலை. இனி சந்து.

சந்தில் உதிர்கிற சாந்தை மட்டும் எடுங்கள். நன்றாகப் பிடித்திருப்பதைத் தொட வேண்டாம். ஓரங்குல ஆழத்துக்குச் சுத்தியலும் மெல்லிய உளியும் வைத்துக் கையாலேயே எடுக்க வேண்டும். பவுடர் சுண்ணாம்பு வாங்காதீர்கள். சுட்ட கல் சுண்ணாம்பை வாங்கி நீங்களே நீற்றுங்கள். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கல். தண்ணீர் கொதிக்கும், தெறிக்கும். கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகக் கூடாது, கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். நீற்றியதைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கிற மாதிரி குறைந்தது மூன்று வாரம் ஊறவிடுங்கள். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு வெண்ணெய் மாதிரி வரும்.

ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். கீழ் வரிசைக்கு மட்டும் ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு செங்கல் பொடி, இரண்டு பங்கு மணல். சுர்க்கி என்போம் அதை. ஈரமான இடத்திலும் அது இறுகும். மணல் கழுவிய மணலாக இருக்க வேண்டும். குழைக்க உப்புத் தண்ணீர், போர் தண்ணீர் வேண்டாம், உங்கள் கிணறு நல்ல தண்ணீர் என்றால் அதுவே போதும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது எங்கள் அப்பா காலத்து வழக்கம், இந்தச் சுவருக்கு அவசியம் இல்லை.

சந்தை நனைத்து, சாந்தைக் குறுகிய கரண்டியால் இறுக்கி அடைக்க வேண்டும். செங்கல் முகத்தில் வழியக் கூடாது. பிறகு நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் ஈரம் காக்க வேண்டும். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை, காற்றைக் குடித்து இறுகுவது. அதற்கு நேரம் கொடுங்கள். மாசிக்குள் முடித்துவிடுங்கள், பங்குனி வெயில் விடாது.

மாவாகிப் போன செங்கல்லை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றுங்கள். பழைய வீடு இடிக்கிற இடத்தில் நாட்டுச் செங்கல் கேட்டால் கிடைக்கும். அரசங்கன்றை இழுக்காதீர்கள். சுற்றி நான்கைந்து கல்லைப் பெயர்த்து, வேரை முழுசாக எடுத்து, மறுபடி கட்டுங்கள். ஒரு நூல் வேர் மிஞ்சினாலும் திரும்ப வரும்.

கொடிக்கால் வீடு | 9 மார்ச்

வாடிப்பட்டியிலிருந்து ஒரு கொத்தனார் கிடைத்தார். சுண்ணாம்பில் வேலை செய்து இருபது வருடம் ஆகிறது என்று தயங்கினார். ஐயா எழுதியதை வாசித்துக் காட்டியதும் வந்துவிட்டார். 41 செங்கல் மாற்றினோம். மேலூர்ச் சாலையில் இடித்த ஒரு வீட்டிலிருந்து கல் கிடைத்தது, அளவு சற்றுச் சிறியது, ஆனால் பொருந்துகிறது. அரச வேர் சுவரின் முழு கனத்துக்கும் போயிருந்தது. ஒன்பது கல் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஒரு தவறும் நடந்தது. சுவரின் மேற்குக் கோடியில் பத்தடி தூரம் சாக்கு கட்டாமல் விட்டுவிட்டோம். அன்று ஊரில் திருவிழா, ஆள் இல்லை. மூன்றே நாளில் சாந்து வெளிறி, நகத்தால் கீறினால் பொடியாக வந்தது. அந்தப் பத்தடியை முழுக்கத் தோண்டி மறுபடி பூசினோம். மற்ற இடம் கல் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறது.

சுவரின் தலைக்குச் சுர்க்கிச் சாந்தை இரண்டு பக்கமும் சரிவாகப் பூசி, மேலே தட்டோடு பதித்தோம். ஓடு சுவரைவிட இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சொட்டுகிற தண்ணீர் இனிச் சுவரில் வழியாது.

வெள்ளையடிக்கும் முன் கேட்கிறேன்: பசை என்ன சேர்ப்பது? கொத்தனார் ஃபெவிகால் என்கிறார், அம்மா வஜ்ஜிரம், அதாவது தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கிற பசை, என்கிறார்கள்.

கரணை | 10 மார்ச்

ஃபெவிகால் சேர்த்தால் கையில் ஒட்டாது, உண்மைதான். ஆனால் அது பிளாஸ்டிக். கொஞ்சமாகப் போனால் பரவாயில்லை, கூடிப்போனால் எமல்ஷன் செய்த வேலையை இதுவும் செய்யும். அம்மா சொல்வதுபோல் வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் அரிசிக் கஞ்சி வடித்து ஊற்றுங்கள். ஊறிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் பொருக்குத் தட்டும். மெல்லிசாக நான்கைந்து கோட், ஒரு நாளைக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் சுவரை நனைத்துவிட்டு, மாலை நேரத்தில், மட்டையால் அடியுங்கள். அடிக்கும்போது வெறும் தண்ணீர் மாதிரி தெரியும், பயப்பட வேண்டாம், காயக் காய வெளுக்கும். நிறம் வேண்டுமென்றால் காவி போடுங்கள், சுண்ணாம்பின் காரத்துக்கு அது நிற்கும்.

பாசிப்பச்சை | 10 மார்ச்

அந்தக் காரமே பாசிக்கும் எதிரி. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் சில காலத்துக்குப் பாசி தலைகாட்டாது. வருடா வருடம் அடித்ததில் அந்தப் பயனும் இருந்தது.

வைகை வடகரை | 11 மார்ச்

எங்கள் சுவரில் கீழே இரண்டடி சிமெண்ட்டை இந்த வாரம் எடுக்கிறோம். உள்ளே இருந்த செங்கல் ஈரத்தில் கறுத்திருக்கிறது. கரணை அண்ணே, சித்திரைக்குப் பிறகு மதுரைக்கு வந்தால் ஒரு நடை வீட்டுக்கு வர வேண்டும். வந்து அழைத்துப் போகிறேன்.

கொடிக்கால் வீடு | 19 டிசம்பர்

ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இந்த ஐப்பசியும் கார்த்திகையும் நல்ல மழை. வாய்க்காலில் தண்ணீர் ஓடியதை நின்று பார்த்தேன், சுவரடியில் ஒரு கை அகலம்கூடத் தேங்கவில்லை.

மேல் நான்கடி அப்படியே இருக்கிறது. வெள்ளை கொஞ்சம் மங்கியிருக்கிறது, உரியவில்லை. எனாமல் திட்டு இருந்த ஆறேழு இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது, அங்கே எனாமலும் கூடவே தளர்ந்து வந்துவிட்டது, வண்ணக்கடை அண்ணன் சொன்னது போலவே. கீழ் இரண்டு வரிசையில் இன்னும் உப்புப் பூக்கிறது. முன்பு மாதிரி செங்கல் உதிரவில்லை, மேலே இருக்கிற சுண்ணாம்புதான் பொடியாகிறது. சனிக்கிழமை தோறும் தட்டி எடுக்கிறேன். களிமண் இரண்டு தடவை அப்பினேன், இரண்டாவது தடவை உப்பு குறைவாகவே வந்தது.

கிணற்றோரம் ஐந்தாறு அடிக்குப் பாசி லேசாகத் துளிர்த்திருக்கிறது. அதை அம்மா எடுக்க வேண்டாம் என்கிறார்கள், அவர்களுக்கு அந்தப் பச்சை பிடிக்கும். செங்கல் நன்றாக இருப்பதால் நானும் விட்டுவிட்டேன்.

கரணை | 20 டிசம்பர்

தாயி, பேரன் நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். சந்து நேராக வந்திருக்கிறது. அந்தக் கொத்தனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கீழ் இரண்டு வரிசை இன்னும் ஒன்றிரண்டு வருடம் உப்பைக் கக்கும், கக்கட்டும். பொங்கலுக்கு அங்கே மட்டும் இரண்டு கோட் அடியுங்கள், மேலே தேவையில்லை.

கொடிக்கால் வீடு | 20 டிசம்பர்

சரிங்க ஐயா. காவியும் வாங்கி வைத்துவிட்டேன், அம்மா அடியில் ஒரு சாண் பட்டை தீட்டப் போகிறார்கள்.

ஊறிய சுண்ணாம்பு அரை டிரம் மிச்சம் இருக்கிறது. மேலே தண்ணீர் நிற்கிற மாதிரி மூடி வைத்திருக்கிறேன், வெண்ணெய் மாதிரி இருக்கிறது. வைகை வடகரை அண்ணே, உங்கள் சுவருக்கு வேண்டுமென்றால் இரும்பு வாளி கொண்டுவந்து எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பொங்கலுக்கு ஒரு வாளி போதும்.

வைகை வடகரை | 20 டிசம்பர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன் தங்கச்சி.